மஞ்சள் மூடி

துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தன் கைக்கடிகாரத்தைக் கட்டிவைத்துவிட்டு, கையில் காபியோடு அதன் எதிரே நின்றுகொண்டிருக்கிறார் அண்ணி. நாம் நடக்கும் அடிகளை எண்ணிச் சொல்லும் கடிகாரம் அது. பிறந்தநாளுக்கென்று என் அண்ணன் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. இயந்திரம் கடைசிச் சுற்றில் தடதடவென்று ஆடி ஓய்ந்ததும் அதை அவிழ்த்துப் பார்க்கிறார்.

“வாஷிங் மெஷின் ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கு தம்பி. இன்னும் கொஞ்சம் நடந்தா உடம்பு இளைக்குமாம், உற்சாகப்படுத்துது.”

அண்ணனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாது மனிதர். ஒரு புடவை வாங்கிக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்.

அண்ணிக்கு வேலை தண்ணீரைச் சோதிப்பது. நகரத்தின் குழாய்த் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஆய்வுக்கூடத்தில் மூத்த விஞ்ஞானி. சோதிப்பதை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டால் நாங்களும் நிம்மதியாக இருப்போம். கொண்டையில் செருகிய பென்சில்தான் அவர் போட்டுக்கொள்ளும் ஒரே நகை. பேப்பர் வந்ததும் அதை உருவி எடுத்து, நடந்துகொண்டே படித்து, நடந்துகொண்டே அடிக்கோடிடுவார். உட்கார்ந்த இடத்தில் அண்ணியைப் பார்ப்பது அபூர்வம். சாப்பாட்டு மேசையில்கூட இரண்டு வாய்க்கு ஒருமுறை எழுந்து எதையாவது சரிபார்த்துவிட்டு வருவார்.

“தேர்தல் கருத்துக்கணிப்புல மக்கள் மனநிலைன்னு போட்டிருக்கான். எந்த மக்கள்? பகல்ல போன் எடுத்த மக்கள். வேலைக்குப் போனவன் எடுக்கல. அவன் மனநிலையை யார் கேட்டா?”

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. சொன்னால், “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பார். இந்த ஒரு கேள்வியால் எங்கள் குடும்பத்தில் பேச்சு நின்றுபோன உறவினர்கள் உண்டு. மூட்டுவலிக்குக் காந்த வளையல் போட்டுக்கொண்டு வந்த என் சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயலி ஒன்றை அவருடைய போனில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். தன் பெயரையே கேட்டுப் பார்த்திருக்கிறார். “நான் எழுதாத கட்டுரையை நான் எழுதினேன்னு அடிச்சுச் சொல்லுது. எப்படித் தெரியும்னு கேட்டா உடனே மன்னிப்பு. அடுத்த நிமிஷமே எழுதாத இன்னொரு கட்டுரை. தேர்தல்ல நின்னா ஜெயிச்சிடும் தம்பி.” வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “இல்ல, ஜெயிக்காது. மன்னிப்புக் கேக்குதே.”

இப்படிப்பட்டவர் நம்பிய பொருள் ஒன்றும் இந்த உலகத்தில் இருந்தது. தடித்த கண்ணாடியால் ஆன ஒரு பழைய சீசா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் இருக்கிறது. வேறு யாரும் அதைக் கழுவக்கூட விட மாட்டார். ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும்போதெல்லாம், ஒன்றுமே கலக்காத சுத்தத் தண்ணீரையும் அந்தச் சீசாவில் ஊற்றி அதே சோதனைக்கு அனுப்புவார். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் கோளாறு ஊர்க் குழாயில் இல்லை, ஆய்வுக்கூடத்தில் என்று அர்த்தம்.

சில மாதங்களுக்கு முன்பு, பழைய பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தெருவின் குழாய்த் தண்ணீரில் ஈயம் இருப்பதாக அண்ணி கண்டுபிடித்தார். கொஞ்சநஞ்சம் இல்லை. சுத்தத் தண்ணீர்ச் சீசாவில் ஒன்றுமில்லை. ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை என்று எழுதிக் கொடுத்தார். நகராட்சி குழாயை மூடியது. லாரித் தண்ணீருக்கு அந்தத் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் அண்ணியின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து முச்சந்தியில் நிறுத்தினார். ஆளுங்கட்சிக்காரர்கள் அவரை விலைபோனவர் என்றார்கள். “என்ன விலைன்னு சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்” என்றார் அண்ணி.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லையாம்.

“பால் பவுடரை அந்தத் தண்ணியிலதான் கலக்கிக் குடுத்தேன் மேடம். அதனால இருக்குமா?”

“இருக்கலாம்” என்றார் அண்ணி.

விஞ்ஞானிகள் ஜாக்கிரதையாகப் பேசும்போது சொல்லும் சொல் அது. கேட்ட தாய்க்கு ஜாக்கிரதை எல்லாம் காதில் விழுமா? “அப்ப நான்தான் ஊத்திக் குடுத்தேன், என் கையால” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள். அண்ணி அவள் போன திசையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு ஒருநாள் நடுப்பகலில் என் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார். ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரம். கையில் மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று.

“தம்பி, அந்தத் தெருத் தண்ணியில ஈயம் இல்லை.”

வழக்கம்போல் அந்தத் தெருத் தண்ணீரைப் புதிதாகப் பிடித்து மறுபடி சோதித்திருக்கிறார். இந்தமுறை பாட்டில்கள் நிமிர்ந்தே இருந்தன, ஈயம் தெரியவில்லை. முன்பு அவற்றை வேனில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்ததில் தண்ணீர் மூடியைத் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறது. தண்ணீர் கெடாமல் இருக்க அதில் கொஞ்சம் அமிலம் சேர்ப்பது வழக்கம். புதிதாக வாங்கிய பாட்டில்களின் மூடிக்கு நிறம் கொடுத்த சாயத்தில் ஈயம் இருந்தது. அமிலம் அதைக் கரைத்துத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டது. அண்ணியின் சுத்தத் தண்ணீர் மட்டும் அந்தப் பாட்டிலுக்குப் போகவே இல்லை. அது பழைய கண்ணாடிச் சீசாவில் பத்திரமாக இருந்தது.

“ஊரையே சந்தேகப்பட்டேன். அந்தச் சீசாவை விட்டுட்டேன். சுத்தத் தண்ணியையும் இதே பாட்டில்ல ஊத்தியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். புதுசா வேலைக்குச் சேர்ற பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுக்கிற பாடம்.”

என் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தபடி, போனை ஸ்பீக்கரில் போட்டு ஆய்வுக்கூட இயக்குநரை அழைத்தார். அவர் பதறவே இல்லை.

“எதுக்கு மேடம் இப்பத் தப்பு கிப்புன்னு? குழாயைச் சுத்தம் பண்ணோம், மறுபடி பார்த்தோம், சரியாயிடுச்சு. முடிஞ்சுது.”

“குழாயைச் சுத்தம் பண்ணவே இல்லையே சார்.”

“பண்ணிட்டா போச்சு.”

மாலையில் அண்ணன் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்தார். சாதுதான், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். “இன்னிக்குத் தப்புன்னு சொல்லிட்டு, நாளைக்கு எங்கேயாவது நிஜமாவே விஷம் இருந்தா? நீ சொன்னா எவன் நம்புவான்? உங்க இயக்குநர் சொல்றபடி விட்டுட்டா குழாயும் திறந்துடும், உன் பேச்சுக்கும் மதிப்பு இருக்கும்.”

அண்ணி ஒரு துணியை எடுத்தார். அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“நீங்க சொல்றது சரிதாங்க. எனக்கும் அதுதான் பயம். ஆனா குழாயைச் சுத்தம் பண்ணிட்டோம்னு சொன்னா, முன்னாடி விஷம் இருந்துச்சுன்னு ஆகுது. அந்தப் பொண்ணு ஆயுசு முழுக்கத் தன் கையைப் பார்த்துக்கிட்டே இருப்பா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அந்தத் தெருவிலேயே பாராட்டுக் கூட்டம். கவுன்சிலர் பந்தல் போட்டு, ஆள் உயரப் படத்தையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். கடைசி வரிசையில் அண்ணனும் நானும் திருடர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் மூன்றாவது வரிசையில், மடியில் குழந்தையோடு இருந்தாள்.

கவுன்சிலர் புகழ்ந்து முடித்ததும் அண்ணி மைக்கைக் கையில் வாங்கினார். நிற்கத் தெரியாதவர் அல்லவா? பேசுவதற்கு முன்பே நடக்க ஆரம்பித்து ஒலிபெருக்கியை நெருங்கிவிட்டார். கீச்சென்று ஒரு சத்தம், காதைக் கிழித்தது. பந்தலே காதைப் பொத்திக்கொண்டது. எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது, கைக்குழந்தைகள் வீறிட்டன. அண்ணி அப்படியே நின்று மூன்றாவது வரிசையில் இருந்த அந்தக் குழந்தையையே பார்த்தார். பேச வந்ததை மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பதற்றமாக இருந்தது.

பிறகு சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. “உங்க குழாயில ஈயம் இல்லை. என்னிக்குமே இருந்ததில்ல. நான் கொண்டுபோன பாட்டிலோட மூடியில இருந்துச்சு. அதை நான் பார்த்திருக்கணும், பார்க்கல. உங்களைக் குடம் தூக்க வெச்சது என் தப்பு.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பந்தல் கொதித்தது. “மேடத்துக்கு உடம்பு சரியில்லை” என்று கவுன்சிலர் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். யாரோ எறிந்த காலித் தண்ணீர் பாட்டில் அண்ணியின் தோளில் பட்டு விழுந்தது. அண்ணன் எழுந்துவிட்டார், நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அந்தப் பெண் குழந்தையை நாற்காலியில் இறக்கிவிட்டு எழுந்தாள்.

“அன்னிக்கு இருக்கலாம்னு சொன்னீங்களே?”

“தப்பாச் சொன்னேம்மா. நீங்க குடுத்த பால்ல ஒண்ணுமே இல்லை. உங்க கையால எதுவும் நடக்கல.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் தன்னைத் திட்டிக்கொள்ளவாவது ஒரு காரணம் இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டார்களே என்கிற கோபம். “அப்ப எம் பொண்ணுக்கு ஏன் பேச்சு வரல? இவ்வளவு படிச்சிருக்கீங்கல்ல, சொல்லுங்க!”

அண்ணி மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். ஆட்கள் கத்திக்கொண்டே விலகி வழிவிட்டார்கள். அந்தத் தாயையும் தாண்டிப் போனார். குழந்தை நாற்காலியில் தன் செருப்பின் வாரைப் பிய்த்து விளையாடிக்கொண்டிருந்தது. அதன் முதுகுப்பக்கமாகப் போய்க் குனிந்து, ஒரு காதுக்குக் கிட்டே இரண்டு கைகளையும் கொண்டுவந்து, ஓங்கி ஒருமுறை கைதட்டினார். முன்வரிசைக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். குழந்தை செருப்பு வாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணி மறுபக்கக் காதுக்கு நகர்ந்து, இன்னும் பலமாகக் கைதட்டினார்.