அக்கா சொல்லிக்கொடுத்த பதில்

எங்க அக்காவுக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. வாரமெல்லாம் ஊராரின் வாயைத் திறக்க வைப்பாள். சனிக்கிழமை நூலகத்தில் அதே வாய்களை மூட வைக்கப் பார்ப்பாள். முஸ்லிம்களைப் பற்றி யாரும் எதையும் கேட்கலாம் என்று அவளாக ஆரம்பித்த வகுப்பு அது. எனக்கு அந்த வகுப்பென்றாலே பற்றிக்கொண்டு வரும்.

எங்கே குண்டு வெடித்தாலும் அந்தச் சனிக்கிழமை கூட்டம் சேர்ந்துவிடும். முன்வரிசையில் உட்காரும் ரிட்டயர்ட் டீச்சரம்மாதான் முதலில் கேட்பார்.

"உங்க ஆளுங்க ஏம்மா இப்படிப் பண்றாங்க?"

"எவனோ ஒருத்தன் பண்ணதும்மா. எங்க எல்லாரையும் தப்பா நினைச்சுடாதீங்க" என்பாள் அக்கா, முகம் சுளிக்காமல்.

"அதெல்லாம் சரிதான், இருந்தாலும்..." என்று டீச்சரம்மா இழுப்பார். அந்த இழுவைக்கு ஒரு நாளும் முடிவு வந்ததில்லை.

போன மாதம் அடுத்த தெருக்காரன் ஒருவன் பள்ளிவாசலுக்குத் தீ வைத்தான். உள்ளே தொழுதுகொண்டிருந்த எங்கள் தம்பி வெளியே வரவில்லை.

அடக்கம் முடிந்த அந்த வாரமே அக்கா வகுப்புக்குக் கிளம்பினாள். போகாதே என்று கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் அழுதார்கள். அக்கா வழக்கம்போல யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தாள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் டீச்சரம்மா எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவனோ ஒருத்தன் பண்ணதும்மா. எங்க எல்லாரையும் தப்பா நினைச்சுடாதீங்க."

அட்சரம் பிசகவில்லை.