செல்வம் என்று ஒரு பெயர்

லாஸ்பேட்டைக் கல்லூரியில், கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சர்வரை என் சீனியர்தான் பார்த்துக்கொண்டார். வெளுத்த அரைக்கைச் சட்டை, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. பாதுகாப்பு அப்டேட் வந்தால் அன்றே போட்டுவிடுவார். முடிந்ததும் 'செல்வம்' என்று தட்டுவார். திரையில் முகவரி வந்த பிறகுதான் டீ குடிக்கப் போவார்.

"அந்தப் பேர்ல நம்மகிட்ட மிஷினே இல்லியே சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எம் புள்ள பேரு. சர்வர்ல நான்தான் போட்டு வெச்சேன். தேங்காய்த்திட்டுலேர்ந்து போட்ல கடலுக்குப் போனான், திரும்பி வரல. இங்க கூப்டா மட்டும் பதில் வருது."

அவர் ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது அப்டேட் போடுவது நான். புது அப்டேட் வந்த செய்தி தெரிந்ததும் எனக்குப் போன் செய்வார்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் சார்."

"கூப்ட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் சார். பதில் வந்துச்சு."

அதற்கப்புறமும் அவர் போனை உடனே வைக்கமாட்டார்.