கொசுகூட இல்லாத ஆறு

தூண்டில் முள்ளில் கோழி இறகைச் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் பைத்தியம். ஆற்றில் எந்தப் பூச்சி பறக்கிறதோ, அதே மாதிரி ஒன்றைத்தான் வீசுவேன்.

இரவு வேலை முடிந்து இன்று காலை, இரசாயன ஆலைகள் நிறைந்த பாசிர் கூடாங் பக்கத்து ஆற்றுக்குப் போனேன். எதுவும் பறக்கவில்லை. கல்லைப் புரட்டினேன், அடியிலும் ஒன்றுமில்லை. கொசுகூடக் கடிக்கவில்லை.

தண்ணீருக்கு மேலே வந்து வாய் பிளந்த மீன்களை ஓர் அண்ணன் கையாலேயே வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இன்னும் இறகோட விளையாடுறீங்க? மீனே தானா வருது லா!"

"சாப்பிடாதீங்கண்ணே, தண்ணியில என்னமோ கலந்திருக்கு."

"அலமாக்! உயிரோடதான இருக்கு? புள்ளைங்களுக்கு மத்தியானம் மீன் கறி."

கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

புகார் சொல்லச் சுற்றுச்சூழல் துறையைக் கூப்பிட்டேன். திங்கட்கிழமை வந்து பார்ப்பார்களாம். கறி அதுவரை அடுப்பில் காத்திருக்குமா?

உங்கள் பக்கம் கொசு கடிக்கிறதா? கடித்தால் சொல்லுங்கள், நிம்மதியாக இருக்கும்.