தக்காளிச் செடிக்குக் குளுக்கோஸ்

வாந்திபேதி கண்ட அம்மாவைத் தர்மபுரி ஆசுபத்திரியில் சேர்த்த அன்று, குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து அவள் கைக்கு இறங்கிய பிளாஸ்டிக் குழாயை விட்டு என் கண் அகலவில்லை. உள்ளே ஓடும் நீர் கண்ணாடிக்குள் ஓடுவது போலத் தெரிந்தது; குழாயோ கொடி மாதிரி வளைந்தது. பொழுது சாயும் முன் அம்மா கண் திறந்து, ஆட்டைக் கட்டியாச்சா என்று கேட்டாள். அவளைப் பிழைக்க வைத்தது குழாய்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

முன்பெல்லாம் ரப்பர் குழாயைக் கொதிக்க வைத்து எல்லோருக்கும் போட்டார்களாம். சிலருக்குக் குளிர்சுரம் வந்துவிடுமாம். இது புதுசு, ஒருவருக்குப் போட்டதும் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்றார் நர்ஸம்மா. எறிவதா? எங்கள் வீட்டில் கிழிந்த கோணிகூடக் குப்பைக்குப் போனதில்லை.

என் மாமா நைச்சியமாகக் கேட்டார். "புள்ள பள்ளிக்கூடம் போவுதுங்க. வாத்தியார்கிட்ட காட்டணுமாம்."

நர்ஸம்மா ஊசியைக் கழற்றினார், குழாயை மருந்துத் தண்ணீரில் அலசினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து மூன்று துண்டாக நறுக்கி என் கையில் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வுடு, ஒட்டுப் போட்டுக்கலாம்" என்றார் மாமா.

சைக்கிள் டியூப் பட்டையால் அவர் துண்டுகளை இணைத்தார். கம்பத்தில் தொங்கிய பானையிலிருந்து கொல்லைத் தக்காளிச் செடிக்குச் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியது! தெருவே வந்து பார்த்தது. "எனக்குக்கூட இத்தினி பேரு வந்து பாக்கல" என்று சிரித்தாள் அம்மா.

கூட்டத்தில் ஊருக்கு ஊசி போடும் கம்பவுண்டரும் இருந்தார். "கோடி வூட்டுக்காரருக்கும் பேதிதான். இதக் குடு பாப்பா, வெந்நீர்ல அலசிட்டு அவருக்குப் போட்டுர்றேன்."

பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"அறுத்துல்ல வெச்சிருக்காங்க. இது ஆவாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோடி வீட்டுக்காரரை வண்டி கட்டித் தர்மபுரிக்கே கொண்டுபோனார்கள். அவர் பிழைத்தும் வந்தார்.

ஆனால் எங்கள் குழாயால் அல்லவே! காரிமங்கலம் சந்தை வரைக்கும் பரவியிருக்க வேண்டிய என் பேரை ஒரு கத்தரிக்கோல் கெடுத்துவிட்டதே என்று பல நாள் நர்ஸம்மாவைத் திட்டினேன். என்ன வேலைக்காக அந்தக் கத்தரிக்கோல் வந்ததோ, அந்த வேலையை அது என் கண் முன்னாலேயே முடித்துவிட்டது. எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் புத்தகம் தூக்கிய அறிவாளிக்குத்தான் அது தெரியவில்லை.