எச்சம் நாறாத வீடு

லிங் சியூ ங்கோ ஆன்டி யாரையும் நம்பமாட்டார். மீட்டர் படிக்க வருகிறவனின் அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படிப்பார். கோப்பிக்கடையில் மீ சுவா நூடுல்ஸ் சூப் வாங்கினால், மூடியைத் திறந்து கோழித்துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். கையுறை ஆலையில் இருபத்தாறு வருஷம் மேற்பார்வை பார்த்தவர். அந்தக் கண் வேலையை விட்ட பிறகும் மாறவில்லை.

ஆலை மூடியபோது கிடைத்த பணத்தில் ஆயர் தாவார் ஊரில் ஒரு கடைவீடு வாங்கினார். கீழே அவர், மாடியில் வாலிட் குருவிகள். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, குருவி நுழைய ஓர் ஓட்டை மட்டும் விட்டார். குருவிகளை இழுக்கக் கூரையில் ஒலிபெருக்கி நாளெல்லாம் குருவிச் சத்தம் போடும். முதல் இரண்டு வருஷம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆன்டிக்குப் பைத்தியம் என்று ஊரே சொன்னது. பிறகு அவை வந்தன, கூடு கட்டின. சீனர்கள் சூப் வைக்க வாங்கும் அந்தக் கூட்டை விற்றுத்தான் அவர் சாப்பிட்டார்.

போன வருஷம் ஊருக்கு இன்னொரு பைத்தியம் பிடித்தது. பிட்காயின் தோண்டும் இயந்திரங்களைக் கடைவீடுகளில் அடுக்கி, மீட்டருக்கு முன்னாலேயே கம்பியை இழுத்துத் திருட்டுக் கரண்டில் ஓட்டுகிறார்கள் என்று பேச்சு. இயந்திரச் சூட்டைத் தணிக்கும் விசிறிகளின் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குருவிச் சத்தம் போடுகிறார்களாம். சூட்டைக் காட்டும் கேமராவோடு மின்வாரியத்தின் டிரோன் பறந்தது.

"பிட்காயின் வச்சிருக்கிறது தப்பில்லையாம்லா. கரண்டு திருடினாத்தான் தப்பாம்," என்றார் கோப்பிக்கடை தியோங்.

"யாரு பில்லு கட்டித் தோண்டுவான்? எல்லாம் ஒரே கூட்டம்தான்," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அப்படிச் சொல்லிவிட்டு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வயர்மேன். கம்பி இழுக்கத் தெரிந்தவன் எவனானாலும் அப்போது திருடன்தான். என் கூட்டாளி ஒருவனை விசாரணைக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் ஆன்டி என்னைக் கூப்பிட்டார். மாடிப்படிச் சுவரிலிருந்த ஃபியூஸ் பெட்டி பழுது. சுவரில் கை வைத்தேன், சோற்றுப்பானை மாதிரிச் சுட்டது.

"மேல கொஞ்சம் பாக்கட்டா, ஆன்டி?"

"முடியாது அண்ணே. முட்டை வச்சிருக்கு. ஆள் வாடை பட்டாலே போயிரும்."

நல்ல கதை, என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் இல்லாத மாடி, சுடும் சுவர், விடாத குருவிச் சத்தம். நாளைக்கு இவர் மாட்டினால் கடைசியாக ஃபியூஸ் பெட்டியைத் தொட்டது யார்? புகார் எண்ணுக்குப் போன் போட்டு, பெயர் சொல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் சொன்னேன். பயந்துதான் செய்தேன், இதில் வேறு நியாயம் கிடையாது.

மூன்றாம் நாள் நண்பகலில் மின்வாரிய அதிகாரிகள் நான்கு பேர் வந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் படியில் நின்றேன். ஆன்டி மாடிக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் குருவின்னுதான் சொல்றாங்க, ஆன்டி," என்றார் தலைமை அதிகாரி ரொஸ்டி.

"கதவுக்கு அடியில மூக்கை வச்சுப் பாரு. குருவி இருந்தா எச்சம் நாறும். அது நாறாத வீடு எதுன்னு எனக்குத் தெரியும்."

ரொஸ்டி குனிந்தார். உடனே மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இப்பப் பக்கத்து மாடிக்குப் போ. அஞ்சு மாசமா அங்கேயும் குருவி பாடுது. வாடகைக்கு வந்தவனுங்க ரெண்டு பேர். ஒரு நாளாவது செருப்புல எச்சத்தோட இறங்கினானுங்களா?"

பக்கத்துக் கதவை உடைத்தார்கள். எச்சமும் இல்லை, இறகும் இல்லை. கூரைவரை இயந்திரங்கள், ஆளைத் தள்ளும் அனல். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அன்று என் கையைச் சுட்டது அவர்களுடைய சூடு. இத்தோடு விட்டுவிடுவார்கள் என்று ஆறுதல்பட்டேன்.

ரொஸ்டி திரும்பி வந்தார். முகத்தில் சங்கடம்.

"புகார் உங்க வீட்டு நம்பர் மேலதான் இருக்கு, ஆன்டி. திறந்து பாக்காம ஃபைலை மூட முடியாது. பத்தே நிமிஷம்."

"பத்து நிமிஷத்துல எல்லாம் போயிரும்யா," என்றார் ஆன்டி. பிறகு கதவை விட்டு விலகினார்.

டார்ச் வெளிச்சத்தோடு நான்கு பேர் உள்ளே போனார்கள். முட்டைமேல் இருந்தவை ஓட்டை வழியே கொத்துக் கொத்தாக வெளியேறின. சாயங்காலம் கூரைக்கு மேலே வட்டமிட்டன, உள்ளே நுழையவில்லை. இரண்டு வாரத்தில் அந்த வட்டமும் நின்றது. ஆன்டி ஒலிபெருக்கியை மட்டும் நிறுத்தவில்லை.

ஊர் அப்போதும் வாயை மூடவில்லை. குருவியே இல்லாத வீட்டில் குருவிச் சத்தம் எதற்கு, பக்கத்துக்காரனோடு இவளுக்கும் பங்கு இருந்திருக்கும் என்றது.

ஒரு காலையில் ஆன்டி என்னை வரச் சொன்னார். வாசலில் கேமரா மாட்ட வேண்டுமாம். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"புகார் குடுத்தவன் வேடிக்கை பாக்க மறுபடி வருவான். எனக்கு இந்தத் தெருவுல எல்லார் மேலயும் சந்தேகம் அண்ணே. உன்னைத்தான் உள்ள விடுறேன்."

கம்பியை மாடி வழியாக இழுக்க, மாடிச் சாவியை என் கையில் வைத்தார். கேமராவை மாட்டி, கம்பி இழுத்து முடிக்க மதியமாகிவிட்டது. அவர் பணப்பையைத் திறந்தார்.

"வேணாம் ஆன்டி."

"எவ்வளவு?"

"ஒண்ணும் வேணாம். இருக்கட்டும்."

பணப்பையை மூடினார். மீட்டர்காரனின் அட்டையைப் படிப்பதுபோல என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"ஏன் வேணாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்த சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.