குதிரைமேல் போட்ட பழி

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஞாயிறுதோறும் நானும் மனைவியும் அடுப்பும் கித்தானுமாக அம்பத்தூர் ஏரிக்கரையில் கூடாரம் போடக் கிளம்புவோம். ஸ்டேஷனில் நின்றது ஒரே ஜட்கா. ஜட்காக்காரருக்கு ஒற்றைக் காதில் கடுக்கன், வாயில் ஓயாத வெற்றிலை. ஏரிக்கு என்றால் தலையாட்டுவார். வண்டியோ திருமுல்லைவாயில் கோயில் வாசலில் போய் நிற்கும். நான் கத்துவேன்.

"இன்னா பண்றது சாமி, குதிர இங்கதான் வருது" என்று அதன் கழுத்தைத் தட்டிக்கொடுப்பார். மனைவி கும்பிட்டு வருவதற்குள் வெயில் ஏறிவிடும்.

ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். குதிரை நேரே ஏரிக்கரையில் போய் நின்றது.

"இன்றைக்கு மட்டும் வழி தெரிந்ததோ?" என்று எரிந்து விழுந்தேன்.

"கத்தாத சாமி. கோயிலுக்குன்னு சொன்னாத்தான் அம்மாவ அவங்க மாமியாரு அனுப்புறாங்களாம். துன்னூறு இல்லாம அம்மா எப்டி ஊட்டுக்குப் போவும்? உன்கிட்ட சொல்லாதன்னாங்க. அத்தொட்டுதான் குதிர மேல போட்டேன்."

அவர் இறங்கிப் புல்லைப் பிரித்துப் போட்டார். குதிரை என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது. என் வீட்டு விஷயம் அதற்குக்கூடத் தெரிந்திருக்கிறது.