வலக்கையில் கட்டிய கருவி

என் வலக்கை மணிக்கட்டில் வெயில் படாத ஒரு வெளிறிய பட்டை இருக்கிறது. பத்து வயதில் வாப்பா முதல் மணிக்கூடு வாங்கி வந்து கட்டிவிட்ட இடம். நான் இடக்கையைத்தான் நீட்டினேன். "மற்றக் கை" என்றார். சாப்பிடுவது, கொடுப்பது, சலாம் சொல்லிக் கை பிடிப்பது என்று நல்ல காரியமெல்லாம் வலக்கைக்கு. மணிக்கூடும் நல்ல சாமான்தானே என்பது அவருடைய நியாயம். காத்தான்குடியில் எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் கட்டுவார்கள். நாற்பத்தொரு வயது வரைக்கும் அதனால் எனக்கு ஒரு கெடுதியும் வந்ததில்லை.

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். கோல்ஃப் என்றதும் ஊரில் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடுவார்கள். என் வேலை, பயிற்சித் திடலில் ஆட்கள் அடித்துவிடும் பந்துகளை வண்டி ஓட்டிப் பொறுக்குவது. வண்டியைச் சுற்றிக் கம்பிவலை போட்டிருக்கும். வண்டி திடலில் இறங்கியதும் அடிக்கிறவர்களுக்கு ஒரு குஷி வந்துவிடும். எல்லாரும் வண்டியைக் குறிவைப்பார்கள். கம்பியில் பந்து வந்து மோதும்போது உள்ளே இருந்து நான் சிரித்துக் கையைக் காட்ட வேண்டும். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று உம்மா சொல்வாள். அந்தக் கோபத்தை எல்லாம் அந்த வண்டிக்குள் அடக்கி அடக்கி, ஊருக்குக் கொண்டுபோய் வீட்டில்தான் இறக்கியிருக்கிறேன். அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கிழமைக்கு ஒரு காலை வேலையாட்களும் திடலில் அடிக்கலாம். யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே பழகினேன். கைபிடி தேய்ந்த ஒரு பழைய மட்டை இருந்தது. என்ன காரணமோ, பந்து நேராகப் போனது. ஒரு நாள் தலைமைப் பயிற்றுநர், ஒரு வெள்ளைக்காரர், பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பெப்ரவரியில் உதவிப் பயிற்றுநர் இடம் ஒன்றுக்குத் தேர்வு வைக்கப்போகிறோம், நீயும் வா என்றார். அன்றைக்கு வண்டியில் எத்தனை பந்து மோதினதென்று எனக்குத் தெரியாது.

உதவிப் பயிற்றுநருக்குக் குடும்ப விசா கிடைக்கும். எனக்கு அந்தப் பதவியில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எனக்குக் கலியாணம் முடிந்து பன்னிரண்டு வருடம். லீவுகளைக் கூட்டிப் பார்த்தால் நானும் மனைவியும் ஒரு கூரைக்குள் இருந்தது ஒன்றரை வருடம் இருக்காது. போன லீவில் ஒன்பது வயது மகள் தாயிடம், "வாப்பா எப்ப போறாரு?" என்று கேட்டதை அறைக்குள் இருந்து கேட்டேன். அவள் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி எப்போது போவார் என்று பிள்ளைகள் கேட்பதுதானே.

லீவுக்கு ஊர் வருவதற்கு முதல் நாள், திடலுக்கு வழக்கமாக வரும் ஒருவர் தன் பழைய கருவியை எனக்குத் தந்தார். அவர் புதியது வாங்கிவிட்டார். பெருவிரல் அளவு. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மட்டையை வீசினால், கை எந்த இடத்தில் எப்படி மடிந்தது, எவ்வளவு வேகம் என்று அளந்து போனுக்கு அனுப்பும். போனில் மட்டையோடு நிற்கும் ஒரு மனிதனின் படம் வரும். வீச்சு சரியென்றால் பச்சை. பிழையென்றால் சிவப்பு, அத்தோடு கருவி கையிலேயே நடுங்கிக் காட்டும். பெட்டியும் இல்லை, விளக்கக் கடதாசியும் இல்லை, வாரும் அறுந்திருந்தது. என் மணிக்கூட்டைக் கழற்றி அதன் வாரில் இதைப் பொருத்தி, மணிக்கூடு இருந்த இடத்திலேயே கட்டிக்கொண்டேன். போனில் இருந்த மனிதனின் ஒரு கையில் மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்தால் புள்ளி என் வலப்பக்கம் இருந்தது. வேறு என்ன வேண்டும்?

ஊரில் அப்போது மாரி. எங்கள் வீடு ஆத்தங்கரைப் பக்கம். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய ராத்தாவின், மூத்த சகோதரியின், வீடு. கோல்ஃப் அடிக்க அங்கே இடம் ஏது? ஆற்றில் மீன் பிடிக்கிற ஒருவரிடம் கழித்துவிட்ட வலை ஒன்றை வாங்கி, வளவில் இரண்டு தென்னைக்கு நடுவே இரட்டையாக மடித்துக் கட்டினேன். கையோடு கொண்டுவந்த பத்துப் பதினைந்து பந்தை அதற்குள் அடிப்பேன். நாலு முழம் போய் வலையில் விழும். மழைத்தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும் அந்த வலையை எட்டிப் பார்த்து, "மச்சான், இண்டைக்கு என்ன மீன் பட்ட?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். நான் சிரிக்கவில்லை. ஊரிலுமா சிரித்துக் கையைக் காட்ட வேண்டும்?

பின்னேர அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து அந்தி மஃரிபு பாங்கு வரைக்கும் அடிப்பேன். ஆற்றுக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வானம் ஒரு நாளும் சிவந்த ஞாபகம் இல்லை, ஈயம் போலக் கிடந்து அப்படியே கறுத்துவிடும். மனைவி எதிரே தகரக் கொட்டிலுக்குள் நிற்பாள். என் போனை அவளுக்கு முன்னால் கதிரையில் வைத்திருப்பேன். அவள் தன் போனில் என்னை வீடியோ எடுப்பாள், ஒவ்வொரு அடிக்கும் என் போனைப் பார்த்துச் சிவப்பா பச்சையா என்று சொல்வாள். இதுதான் அவளுக்கு நான் கொடுத்த வேலை.

முதல் நாள் எல்லாம் சிவப்பு. துபாயில் நேராகப் போன அதே வீச்சு, ஒன்றுகூடப் பச்சை இல்லை. கருவி கையில் நடுங்கி நடுங்கி எரிச்சல் மூட்டியது. மட்டை உச்சிக்குப் போகும்போது மணிக்கட்டு பின்பக்கமாக மடிகிறது, அது பிழை, நேராக வை என்று போன் சொன்னது. பார்த்துப் பழகியவன்தானே, பன்னிரண்டு வருடமாகப் பிழையைத்தான் பழகியிருக்கிறேன் என்று நம்பிவிட்டேன். என்னைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும்.

மணிக்கட்டை விறைப்பாக்கி அடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் மனைவி சொன்னாள்.

"இஞ்செருங்க, நீங்க அங்க இருந்து அனுப்பின வீடியோவில இப்பிடி அடிக்கல்லயே. கை நல்லா லேசாப் போச்சு. இப்ப என்னமோ கட்டுப்போட்ட கை மாதிரி இரிக்கி."

"பன்ரெண்டு வருசமா அங்க நிக்கிறது நீயா நானா?" என்றேன். "கலரைப் பார்த்துச் சொல்லு, அது காணும்."

அதற்குப் பிறகு கலரைத்தான் சொன்னாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

கெடுகுடி சொல் கேளாது என்பார்கள். ஆனால் அன்றைக்கு நான் கெடுகிறேன் என்று யார் கண்டது? நாள் போகப் போகப் பச்சை விழுந்தது. முதலில் பத்துக்கு ஒன்று, பிறகு நாலு, லீவு முடிகிற கிழமை பத்துக்கு ஒன்பது. வலது தோளில் இருந்து முழங்கை வரைக்கும் இழுத்து வலித்தது. மனைவி சூடு காட்டித் தடவிவிட்டாள். துபாயில் எந்தப் பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்க்கலாம் என்று இருவரும் பேசினோம். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அந்த நாட்களைப் போல நான் சந்தோசமாக இருந்ததில்லை என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

பந்து வலைக்கு அப்பால் எங்கே போயிருக்கும் என்பதை மட்டும் இரண்டு மாதமும் நான் ஒரு முறையும் பார்க்கவில்லை. நிறத்தைத்தான் பார்த்தேன்.

திரும்பிப் போன மூன்றாம் நாளே தேர்வு. பத்துப் பந்து. முதல் பந்து வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு வேலியில் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் திருத்தப் பார்த்தேன், தரையோடு ஓடியது. பழைய வீச்சுக்குப் போய்விடுவோம் என்று நான்காவதில் நினைத்தேன். கை போகவில்லை. இரண்டு மாதம் மழையில் நின்று படிப்பித்த பாடத்தை அது விடமாட்டேன் என்றது. பத்தாவது பந்து எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை.

பயிற்றுநர் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் போனைத் திறந்து பச்சைகளைக் காட்டினேன், ஏதோ சாட்சி காட்டுகிறவன் மாதிரி. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, கருவியைக் கட்டிக் காட்டு என்றார். கட்டினேன். என் வலக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இது இடக்கைக்கு உரியது என்றார். மட்டை உச்சிக்குப் போகும்போது இடது மணிக்கட்டு நேராக நிற்க வேண்டும். வலது மணிக்கட்டு மடியத்தான் வேண்டும். இடக்கைக்கு எது பிழையோ அதுதான் வலக்கைக்குச் சரி. கருவி தன்னை இடக்கையில் இருப்பதாக நினைத்து அளந்திருக்கிறது. நான் சரியாக அடித்தபோதெல்லாம் பிழை என்றது, பிழையாக அடிக்கப் பழகியதும் பச்சை காட்டியது. போனில் இருந்த மனிதன் நம்மைப் பார்த்து நிற்கிறவன். எதிரே நிற்கிறவனின் இடக்கை நமக்கு வலப்பக்கம்தான் தெரியும். இதற்கு ஒரு பயிற்றுநர் வேண்டுமா?

"உன் பழைய வீச்சில் ஒன்றும் குறை இருக்கவில்லை. அதை யார் மாற்றச் சொன்னது?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை. ஏளனமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இடம் இன்னொருவருக்குப் போனது. அன்று பின்னேரம் மனைவிக்குப் போன் எடுத்தேன். கருவியை மாறிக் கட்டிவிட்டேன், அது இடக்கையில் கட்ட வேண்டியதாம் என்று சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன்.

"அல்லாஹ்ட நாட்டம்" என்றாள் பிறகு. "உங்கட பிழ இல்ல."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதத்தைத் தள்ளினேன். திரும்பவும் வண்டி, திரும்பவும் கம்பிவலை. இப்போது வேலையாட்களுக்கான காலையில் நான் திடலுக்குப் போவதில்லை. பழைய வீச்சும் இல்லை, புதியதும் இல்லை, மட்டையைத் தூக்கினால் கைக்கு எது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறது.

லீவில் அவள் தன் போனில் எடுத்து எனக்கு அனுப்பிய வீடியோக்கள் என் போனில் கிடந்தன. எல்லாவற்றையும் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் சத்தம் இல்லாமல். கையைப் பார்க்கச் சத்தம் எதற்கு? போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அறைக்கு வந்தேன். மற்றவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். அவளுடைய குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றுக்கும் இல்லை. சத்தத்தைக் கூட்டி ஒரு வீடியோவைப் போட்டேன்.

தகரத்தில் மழை விழும் சத்தம். வலையில் பந்து விழும் சத்தம். "சிவப்பு" என்றாள். நான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பந்தை எடுக்கக் குனிகிறேன். போனுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல், மெதுவாக. அவளுடைய ராத்தா. வேலியால் வந்து கொட்டிலுக்குள் நின்றிருக்கிறார்.

"புள்ள, இந்தப் படத்தில இரிக்கிற ஆளுக்கு மற்றக் கையிலல்லோ புள்ளி இரிக்கி. மச்சானுக்கு எதிர நிண்டு பார்த்தா விளங்குதே. நீ பார்க்கல்லியா?"

"முதல் நாளே பார்த்தன்" என்றாள் என் மனைவி.

"சொல்லன்."

"வேணா ராத்தா. ஏசுவாரு. ரெண்டு மாசத்துக்குத்தான் வந்திரிக்காரு, ஏச்சு இல்லாமப் போகட்டும்."

அப்போது நான் அடுத்த பந்தை அடிக்கிறேன். வலை குலுங்குகிறது. அவள் குரலை உயர்த்தி, எனக்குக் கேட்கும்படி, "பச்ச" என்றாள்.

மூன்று தரம் போட்டுக் கேட்டேன். நாலாம் தரம் போடவில்லை. பின்னேரம் வழக்கம் போல அவள் போன் எடுத்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்டிருந்தால் அதுவும் ஏச்சாகத்தான் இருந்திருக்கும், எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியாது. என்ன ஆக்கினாய் என்று கேட்டேன். மீன் என்றாள். சொல்லிவிட்டு, நான் அதற்கு என்ன சொல்வேனோ என்று காத்திருந்தாள்.